மழலையர் கல்வி கேள்வி-பதில்: பென்சிலுக்கு முன்னால் கை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தையின் வயதே இல்லை. இந்தப் பருவத்தில் ஆறு மாதம் என்பது பெரிய இடைவெளி. ‘மூன்று வயது’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘மூன்று வயது நான்கு மாதம்’ என்று எழுதுங்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம்.

மாண்டிசோரி, விளையாட்டுவழி என்று ஒவ்வொரு மழலையர் பள்ளியும் ஒவ்வொன்று சொல்கிறது. எந்தக் கலைத்திட்டம் நல்லது?

பெயர்ப் பலகையைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907-ல் ரோமில் தொடங்கினார். இன்று அந்தப் பெயரைப் பலரும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த முறை உண்மையிலேயே நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கிறார்களா, பொருளைக் குழந்தையே தேர்ந்தெடுக்கிறதா, எடுத்த வேலையில் இரண்டு மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் இருக்க விடுகிறார்களா என்று பாருங்கள்.

எந்த முறையானாலும், ஒரு காலைப்பொழுது வகுப்பில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் எவ்வளவு பேசுகிறார், பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். வருடத்துக்கு எத்தனை புத்தகம் என்ற கணக்கு வெறும் பாடத்திட்டம். கலைத்திட்டம் என்பது பையை மாட்டுவதில் தொடங்கி, கை கழுவ வரிசையில் நிற்பது, சண்டை போட்டுச் சமாதானமாவது வரை குழந்தையின் முழு நாளும்தான்.

என் பிள்ளை சரியாகப் பேசவில்லை. என்ன செய்யலாம்?

வயது எங்கே? ஒன்றரை வயதுக்கு ஒரு பதில், மூன்றரைக்கு வேறு பதில். பொதுவாகச் சொல்கிறேன்: இரண்டு வயதில் ‘அம்மா வா’ போல இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூன்றில், வெளியாட்களுக்கும் பேச்சில் பெரும்பகுதி புரிய வேண்டும். அப்படி இல்லையென்றால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதியுங்கள். ‘தானா வந்துடும்’ என்று காத்திருக்காதீர்கள். அப்புறம், வீட்டில் இரண்டு மொழி பேசுவதுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை.

நான்கு வயதுக்கு எவ்வளவு நேரம் திரை பார்க்கலாம்?

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள். குறைந்தால் இன்னும் நல்லது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அளவு இது. அதே வழிகாட்டுதலில் மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும், 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும் உண்டு. அவற்றைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

மகனுக்கு மூன்று வயது இரண்டு மாதம். பள்ளியில் தினமும் இரண்டு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். பென்சிலைத் தொடவே மறுக்கிறான். வீட்டில் என்ன எழுத்துப் பயிற்சி கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள். வயதைச் சரியாக எழுதியதற்கு நன்றி; இந்தக் கேள்விக்கு அதுதான் விடை.

மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை பெரும்பாலும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி, ஏழு எலும்புகள் எக்ஸ்ரேயில் தெரிய ஆறேழு வயதாகிவிடும். எட்டாவது பத்து வயதை ஒட்டித்தான் வரும். தசைக்கும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தோள், பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். மூன்று வயதுக் குழந்தை முழுக் கையையும் அசைத்துத்தான் கோடு இழுக்கும். மூன்று விரலால் பென்சிலைப் பிடித்து, கையை ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் அசைத்து எழுத ஐந்து வயதைத் தொட வேண்டும்.

வடிவங்களும் இப்படித்தான். பார்த்து வரைவதில் வட்டம் மூன்று வயதில் வரும், கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் நாலரையில், முக்கோணம் ஐந்தில். சாய்ந்த கோடு கடினம், அதனால்தான் முக்கோணம் கடைசி. இப்போது ‘அ’வைப் பாருங்கள்: சுழி, வளைவு, படுக்கைக் கோடு, நிற்கும் கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில். வட்டத்தையே இப்போதுதான் மூடக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம் அதை இரண்டு பக்கம் கேட்கிறோம்.

நான் போன ஒரு வகுப்பில் ஒரு சிறுமி பென்சிலை முழு முஷ்டியில் பிடித்திருந்தாள். காகிதம் நகராமல் இருக்க இடக்கையின் முழங்கை வரை அதன்மேல் சாய்த்திருந்தாள். நாக்கு வெளியே நீட்டியிருந்தது. நான்காவது வரியில் முனை ஒடிந்து காகிதம் கிழிந்தது. அவள் அழவில்லை. நோட்டை மெதுவாக மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். எழுத்து என்றாலே பயம் என்பது அந்த மேசையில்தான் ஆரம்பமாகிறது. அதை எடுக்க அடுத்த மூன்று வருடமும் போதாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

‘பெற்றோர்தான் நோட்டைக் கேட்கிறார்கள்’ என்று பள்ளிகள் சொல்கின்றன. அதுவும் உண்மைதான். வீட்டுக்கு வரும் நோட்டு நிறைந்திருந்தால் பிள்ளை படிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். களிமண்ணை உருட்டியதற்கு நோட்டில் சாட்சி இருக்காது.

கையை வளர்க்க வழிகள் நிறைய. மாவு பிசையட்டும், காகிதத்தைக் கிழித்து ஒட்டட்டும், துணிக்கிளிப்பை அமுக்கி மாட்டட்டும், மணி கோக்கட்டும். ஈரத் தூரிகையால் சுவர் முழுக்கத் தண்ணீர் வண்ணம் தீட்டட்டும். நின்றுகொண்டு செய்யும்போது தோளும் மணிக்கட்டும் உறுதியாகும். வண்ணக்கட்டியை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். துண்டு சிறியதென்றால் முஷ்டியில் பிடிக்க முடியாது, விரல் தானாக முன்னே வரும். பள்ளியில் பேசி, அந்த இரண்டு பக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மறுத்தால், வேறு பள்ளி தேடும் அளவுக்கு இது முக்கியம் என்றே சொல்வேன்.

நாள் முழுக்கக் கட்டை அடுக்குவதும் வேஷம் போடுவதும்தான். இதில் என்ன கற்றல்?

கட்டை அடுக்கும்போது எது தாங்கும், எது சரியும், இரண்டு சிறியது சேர்ந்தால் ஒரு பெரியதாகுமா என்று கை கணக்குப் போடுகிறது. ‘நான் டாக்டர், நீ நோயாளி’ என்று ஆடும்போது, குறுக்கே ஓடும் ஆசையை அடக்கிப் பாத்திரத்தில் நிற்கிறது. சும்மா நில் என்றால் நிற்காத பிள்ளை, காவல்காரனாக நடிக்கும்போது நெடுநேரம் அசையாமல் நிற்கும். ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் வழிவந்த ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆசிரியர் ஓரமாகக் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தால் அது கலைத்திட்டம் ஆகாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்தப் பாலம் ஏன் சாய்கிறது?’ என்று சரியான நேரத்தில் ஒரு கேள்வியைப் போட வேண்டும்.

முன்பருவக் கல்வியின் பலன் கொஞ்ச நாளில் மறைந்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. அமெரிக்காவின் இப்சிலான்டியில் 1962-ல் தொடங்கிய பெர்ரி ஆய்வில் 123 குழந்தைகள். ஏறக்குறைய பாதிப் பேர் பெர்ரி மழலையர் பள்ளியில் படித்தார்கள், மற்றவர்கள் படிக்கவில்லை. நுண்ணறிவு மதிப்பெண்ணில் கிடைத்த முன்னிலை எட்டு வயதுவாக்கில் மறைந்துபோனது. ஆனால் நாற்பது வயதில் பார்த்தபோது, படிக்காதவர்களைவிட அந்தப் பள்ளியில் படித்தவர்களில் அதிகம் பேர் உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்தார்கள், வேலையில் இருந்தார்கள், கைதானவர்கள் குறைவு. அங்கே குழந்தை தானே திட்டமிட்டு, செய்து, பிறகு செய்ததைப் பற்றிப் பேசியது. ஆசிரியர் வாரந்தோறும் வீட்டுக்கும் போனார். இவை இல்லாத பள்ளியில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

காலை ஏழு முதல் இரவு எட்டு வரை இரண்டரை வயதுக்கு ஒரு கால அட்டவணை அனுப்பவும்.

அனுப்ப மாட்டேன். தினமும் அதே நேரத்தில் சாப்பாடு, தூக்கம், ஒரு கதை. மிச்ச நேரம் குழந்தையுடையது.

மகளுக்கு மூன்றே முக்கால் வயது. நூறு வரை சொல்கிறாள். ஐந்து பொத்தான் கேட்டால் கைநிறைய அள்ளித் தருகிறாள்.

அவள் சொல்வது எண்களின் பாட்டு. எண்ணிக்கை இன்னும் வரவில்லை. பயப்பட ஒன்றுமில்லை, இந்த வயதில் இது வழக்கம்தான். ஐந்தை அவள் எண்ணி முடித்ததும் ‘மொத்தம் எத்தனை?’ என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பது இன்னும் பிடிபடவில்லை. நூறை விடுங்கள். ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு கரண்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு கேளுங்கள், சரியாகத் தந்தால் மூன்று கேளுங்கள். ஒரு நாள் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

ஐந்தரை வயது. சில எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுகிறான்.

ஏழு வயது வரை இயல்பு. திருத்தி அடிக்கோடு போடாமல், சரியான எழுத்தைப் பக்கத்தில் நீங்களும் ஒரு தரம் எழுதிக் காட்டுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ள பையன் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். தயவுசெய்து கையை மாற்றாதீர்கள்.