பிபிஏ சேர்க்கும் முன்: கேள்வி பதில்

பிறையிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை: அண்ணே, பள்ளிக் கணினியில் உபுண்டு லினக்ஸ் 22.04. லிப்ரே ஆபிஸ் இன்னும் 7.3-லேயே நிற்கிறது. பாதுகாப்பு இல்லாமல் போய்விடுமா?

டீச்சர், பயப்படாதீங்க. 22.04 போன்ற எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) வெளியானதும் பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு எண்ணை உபுண்டு அங்கேயே நிறுத்திவிடும். பாதுகாப்புத் திருத்தங்களை அந்தப் பழைய எண்ணுக்குள்ளேயே சேர்த்து அனுப்பும். புது வசதி வேண்டுமென்றால், பிபிஏ-வுக்கு (தனி ஆளோ குழுவோ லாஞ்ச்பேட் தளத்தில் நடத்தும், உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்துக்கு வெளியே உள்ள மென்பொருள் களஞ்சியம்) போகும் முன், பிளாட்ஹப் என்ற தளத்தில் உள்ள பிளாட்பேக்கை ஏற்றுங்கள். அது தனியாக இருக்கும், மற்ற தொகுப்புகளை (நிறுவிய மென்பொருள்களை) தொடாது.

செந்தூல், கல்லூரி மாணவர்: பிபிஏ சேர்க்கும்போது டிஜிட்டல் கையொப்பச் சாவியைச் சரிபார்க்கிறதே, அண்ணே. அப்படியென்றால் உபுண்டுவே பார்த்து அனுமதித்ததுதானே?

இல்லை தம்பி. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்குப் போதாது. தொகுப்பு அந்தப் பிபிஏ-விலிருந்துதான் வந்தது, வழியில் யாரும் கைவைக்கவில்லை, அந்தச் சாவி சொல்வது அவ்வளவுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று உபுண்டு ஆட்கள் பார்ப்பதில்லை. நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்டுகளோ ரூட் அதிகாரத்தில், அதாவது கணினியின் முழு அதிகாரத்தில் ஓடுகின்றன. அதுவும் இன்று ஒருநாள் மட்டுமல்ல. அந்தப் பிபிஏ-வின் முகவரி உங்கள் கணினியில் இருக்கும்வரை, ஒவ்வொரு அப்கிரேடிலும் அதை நடத்துபவர் அனுப்புவது உள்ளே வரும். நீங்கள் கேட்காத ஒரு லைப்ரரியைக்கூட பெரிய பதிப்பு எண் போட்டு அவரால் மாற்றிவிட முடியும்.

ஆர்ச் லினக்ஸின் ஏயுஆர் (பயனர்களே தொகுப்புகளை ஏற்றும் களஞ்சியம்) வேறு முறை, ஆனால் நம்பிக்கை கணக்கு ஒன்றுதான். 2025 ஜூலையில் பிரவுசர் பெயரில் மூன்று தொகுப்புகள் அங்கே ஏறின. உள்ளே இருந்தது கணினியைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் தீநிரல். இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் ஏற்றியவர்கள் ஏற்றியதுதான்.

ஆகவே அந்தப் பிபிஏ-வின் லாஞ்ச்பேட் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: நடத்துவது அந்த மென்பொருளின் குழுவா, தனி ஆளா? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? கேட்டது ஒன்று, அங்கே நாற்பது தொகுப்பு கிடக்கிறதா? அப்படியென்றால் விட்டுவிடுங்கள்.

பாயான் லெப்பாஸ்: டெட்ஸ்னேக்ஸ் பிபிஏ-விலிருந்து பைத்தான் 3.13 போட்டேன். அதற்குப் பிறகு டெர்மினலே திறக்கவில்லை!

பைத்தான்3 என்ற கட்டளை எந்தப் பதிப்பை இயக்கும் என்று காட்டும் இணைப்பை 3.13 பக்கம் திருப்பியிருப்பீர்கள். பிபிஏ-மேல் தப்பில்லை, அது பழையதன் பக்கத்திலேயே புதியதை வைக்கிறது. 22.04-இன் பல கருவிகள் தன்னுடைய 3.10-ஐ நம்பி இருக்கின்றன, க்னோம் டெர்மினலும் அதில் ஒன்று. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் இணைப்பை 3.10-க்கே திருப்புங்கள். உங்கள் வேலைக்கு 3.13-இல் ஒரு வென்வ் (பைத்தானுக்கான தனிச் சூழல்) போதும்.

பிரிக்பீல்ட்ஸ்: டெபியன் லினக்ஸில் பிபிஏ போடலாமா?

வேண்டாம், அவை உபுண்டுவுக்காகக் கட்டியவை. டெபியனுக்கு அதன் சொந்த பேக்போர்ட்ஸ் (புதிய பதிப்புகளைப் பழைய வெளியீட்டுக்குத் தரும் களஞ்சியம்) இருக்கிறது. தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் முன்னுரிமை 100தான், குறைவு, அதனால் நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டாலொழிய எதுவும் வராது.

பட்டர்வொர்த்: 22.04-இலிருந்து 24.04-க்கு மாறப் போகிறேன். ஐந்து பிபிஏ இருக்கிறது.

மாறும்போது அவற்றை உபுண்டு முடக்கிவிடும். ஆனால் ஏற்கெனவே ஏற்றிய தொகுப்புகள் அப்படியே கிடக்கும். அவற்றின் எண் 24.04-இல் உள்ளதைவிடப் பெரியதாக இருந்தால் மாற்றப்படாது, திருத்தமும் வராது. என் வீட்டு சர்வரில் ஒரு பிஎச்பி இப்படிப் பல மாதம் திருத்தமில்லாமல் ஓடியதைத் தற்செயலாகத்தான் கண்டேன். அதனால் மாறுவதற்கு முன்பே பிபிஏ-பர்ஜ் கருவியை ஒவ்வொன்றுக்கும் ஓட்டுங்கள். அது பிபிஏ-வை நிறுத்தி, தொகுப்புகளை உபுண்டுவின் பதிப்புக்கே இறக்கிவிடும். பிறகு ஆப்ட் பாலிசி கட்டளையில் ஒவ்வொன்றும் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் தொடங்குங்கள்.