முல்லைத்தீவில பாக்க என்ன இருக்கு?

கேள்வி: ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவுக்கு ரெண்டு பிள்ளையளோட மூண்டு நாள் கடற்கரைப் பக்கம் போக யோசிக்கிறம். இவர் தன்ர ஊர் முல்லைத்தீவுக்குப் போவம் எண்டுறார். சொந்தக்காரரோ அங்க பாக்க ஒண்டுமில்லை, பிள்ளையளுக்கு அழுகைக் கதைதான் மிஞ்சும், பாசிக்குடாவுக்குப் போங்கோ எண்டினம். நீங்கள் என்ன சொல்லுறியள்?
- வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, அவற்ர சொல்லைக் கேளுங்கோ. ஒண்டுமில்லை எண்டு சொல்லுற ஆக்களை எனக்கு நல்லாத் தெரியும், வான்ல வந்து வட்டுவாகல் பாலத்தில இறங்கி நாலு படம் எடுத்துப்போட்டு பின்னேரமே ஏ9க்கு ஏறிப் போற ஆக்கள், ஒரு விடியக்காலமாவது அந்தக் கரையில நடந்திருப்பினமோ?

ஓகஸ்ட் சோளகக் காலம். காத்து தரையில இருந்து கடலுக்கு அடிக்கிறபடியா எங்கட பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும், கரைவலைக்காரருக்கு நல்ல நாள். விடிய அஞ்சரைக்கு எழும்பி டவுண் கரையில இருந்து சிலாவத்தைப் பக்கம் நடவுங்கோ, ரெண்டு பக்கமும் கயிறு பிடிச்சு வலை இழுப்பினம், சில இடத்தில உழவு மிசின் பூட்டியும் இழுத்திருக்கினம், வலையின்ர மடி கரைக்கு வரேக்குள்ள மீன் துடிக்கிறதை உங்கட பிள்ளையள் ஒருக்காப் பாக்கட்டும். கயித்தை மிதிக்காமல் சுத்திப் போகச் சொல்லுங்கோ, அது அவையின்ர சோறு. கேட்டுப்போட்டுக் கை குடுத்தா ஒருத்தரும் வேண்டாம் எண்டு சொல்லாயினம். ஆனா குளிக்கிற விசயத்தில கவனம், பாசிக்குடாவில கனதூரத்துக்கு இடுப்பளவு தண்ணிதான், இது திறந்த கடல், திடீரெண்டு ஆழும்.

அந்தச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலதான் வைகாசியில கடல்தண்ணி எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயில்ல அந்தத் தண்ணியில விளக்கெரிச்சு, பிறகு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கொண்டுபோவினம். காலமை கரையில நடந்துபோட்டுப் பின்னேரம் வற்றாப்பளைக்குப் போனா, கோயில் நந்திக்கடல் கரையிலதானே, பிள்ளையளுக்கு ரெண்டும் ஒரே கதையா விளங்கும். திரும்பி வரேக்குள்ள ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட பண்டாரவன்னியன்ர நினைவுக்கல் இருக்கிற கற்சிலைமடுவில நிப்பாட்டுங்கோ, 1803 இல வெள்ளைக்காரரிட்ட இருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச அந்த வன்னி மன்னனைப் பற்றி இவர் சொல்லட்டும். கொக்கிளாய்ப் பக்கம் வெளிநாட்டுப் பறவையள் பாக்கவேணுமெண்டா மாசியில இன்னொருக்கா வாங்கோ.

இனி அந்த அழுகைக் கதை. அதை வாசிக்க எனக்குக் கோவம் வந்தது, மறைக்கேல்லை. 2004 மார்கழியில கடல் ஏறி எடுத்த ஊர், 2009 வைகாசியில போர் முடியேக்குள்ள மிஞ்சின சனம் வட்டுவாகலால வெளியில வந்த ஊர், அது உங்கட பிள்ளையளின்ர தகப்பன்ர ஊரும்தான். பள்ளிக்கூடப் புத்தகத்திலயோ போன்லயோ ஆரோ சொல்லி அறியிறதை விட அந்த மண்ணில நிண்டு தகப்பன்ர வாயால கேக்கட்டுமே. எல்லாத்தையும் ஒரேயடியாச் சொல்லத் தேவையில்லை. அரிசியும் தண்ணியும் உப்பும் மட்டும் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் குடுங்கோ, இதைக் குடிச்சுத்தான் சனம் உயிரோட இருந்தது எண்டு சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு அதுகள் கேக்கிற கேள்விக்கு மட்டும் மறுமொழி சொன்னாக் காணும்.

என்ர மகள் எட்டு வயசில நந்திக்கடல் கரையில வைச்சு, "அப்பா, நீங்களும் இதாலதானோ வந்தனீங்கள்?" எண்டு கேட்டவள். ஓம் எண்டன். கொஞ்சநேரம் என்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள், பிறகு சிப்பி பொறுக்க ஓடிட்டாள். அண்டைக்குப் பொறுக்கின சிப்பி இப்பவும் ஒரு போத்தல்ல எங்கட வீட்டு யன்னல்ல இருக்கு.

ஹோட்டல்ல ரூம் போடாதேங்கோ, இவற்ர ஆக்கள் ஆரும் அங்க இருப்பினம், அவையின்ர வீட்டில தங்குங்கோ, இப்பவே ஒருக்காப் போன் எடுத்துச் சொல்லி வையுங்கோ.