புளூபெர்ரிக்குக் குளிர் பகையா?

கேள்வி: இரண்டு வருடங்களுக்கு முன் ‘நார்த்ஸ்கை’ என்ற குட்டை ரகப் புளூபெர்ரிச் செடி வாங்கித் தொட்டியில் வைத்தேன். பனிக்காலத்தில் பட்டுப்போகுமோ என்று பயந்து, வீட்டுக்குள் வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுபோய்விடுவேன். ஊற்றுவது குழாய்த் தண்ணீர். சத்துக்காக விறகுச் சாம்பலும் போடுகிறேன். இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. பூவே இல்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லையா?

பதில்: குளிர் பாவம், அதன் மேல் பழி போடாதீர்கள். உங்கள் செடிக்கு ஆகாதது சாம்பல்.

நார்த்ஸ்கை பனிப்பொழிவுக்கென்றே உருவான ரகம். ஆளுயரம் வளரும் புளூபெர்ரியையும் தரையோடு படரும் காட்டு இனத்தையும் கலந்து மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். முழங்கால் உயரம்தான் வளரும். பனிப்போர்வைக்குள் ஒடுங்கிக்கொண்டு கடுங்குளிரைத் தாண்டிவிடும். தாண்டுவது மட்டுமில்லை, அதற்குக் குளிர் வேண்டும். ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சுமார் 1000 மணி நேரம் உறங்கினால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். நீங்கள் இரண்டு வருடமும் அதைத் தூங்கவே விடவில்லை.

ஆனாலும் உங்கள் பயம் முழுக்கத் தப்பில்லை. தரையில் இருக்கும் வேரைவிடத் தொட்டி வேருக்குக் குளிர் அதிகம் ஏறும். தொட்டியோடு மண்ணில் புதைத்துச் சருகு மூடுங்கள். இல்லையென்றால் சூடேற்றாத கொட்டகையில் வையுங்கள். வரவேற்பறை மட்டும் வேண்டாம்.

இப்போது சாம்பல். என் முதல் செடிக்கு நானும் ஆசை ஆசையாக ஒரு பிடி போட்டவன்தான். சில வாரங்களில் நீங்கள் சொன்ன அதே மஞ்சள், அதே பச்சை நரம்பு. புளூபெர்ரி புளிப்பு மண்ணில், அதாவது அமில மண்ணில் வாழும் செடி; மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். சாம்பலோ அமிலத்துக்கு நேர் எதிரான காரத்தன்மை கொண்டது. காரம் ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்தும் பட்டினி! குழாய்த் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீராக இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். இந்த அமில மண் விஷயத்தை 1910 வாக்கில் ஃபிரெடரிக் கோவில் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் கண்டுபிடித்த பிறகுதான், காட்டுப் பழமாக இருந்த புளூபெர்ரி தோட்டத்துக்கே வந்தது.

கந்தகத் தூள் போட்டு மண்ணைத் திருத்தலாம்தான். ஆனால் மண்ணிலுள்ள பாக்டீரியா அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும். தொட்டிச் செடிக்கு அவ்வளவு பொறுமை எதற்கு? துளிர் விடுவதற்கு முன் பழைய கலவையை மெல்ல உதறிவிட்டு, பீட் பாசியும் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) பைன் பட்டைத் தூளும் கலந்து மாற்றி நடுங்கள். வேரில் கை வைக்கும்போது கவனம். தலைமுடி போல மெல்லியது, மேலாகவே ஓடும். அதனால்தான் கொத்திக் கிளறவும் கூடாது, காயவிடவும் கூடாது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். உரம் என்றால் துளிர்க்கும் நேரத்தில் கொஞ்சமாக அம்மோனியம் சல்பேட் போதும். நைட்ரேட் உரம் இதற்கு ஒத்துவராது. காப்பிச் சக்கை போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். புளிப்பில் பெரும்பகுதி காப்பியோடு போய்விட்டிருக்கும், அதை நம்பி இருக்காதீர்கள்.

மாற்றி நட்ட வருடம் பூத்தால் கிள்ளிவிடுங்கள். மனசு வராது, தெரியும். முதலில் வேர் பிடிக்கட்டும். முடிந்தால் ‘நார்த்புளூ’ மாதிரி இன்னொரு ரகம் பக்கத்தில் இருக்கட்டும். மகரந்தம் மாறினால் பழம் பெரிதாகும்.

அப்புறம், நீலமானதும் பறித்துவிடாதீர்கள். காம்படியில் சிவப்பு இருந்தால் இன்னும் புளிக்கும். ஒரு வாரம் விடுங்கள், ஆனால் பறவைகள் கொத்தாமல் வலை கட்டிவிட்டு. ஒரு வருடம் நான் ‘நாளைக்குக் கட்டலாம்’ என்று தூங்கப் போனேன். விடிந்து பார்த்தால் மிச்சம் ஒன்பது பழம்.