தீர்மான நோட்டு வீடு தேடி வந்தால்…

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களை நடத்துகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் நிறுவனத்தில் 12 இயக்குநர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தீர்மான நோட்டு வீட்டுக்கே வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். 20 டன் நிலக்கடலை வாங்கிய விஷயமே அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்தது. கேள்வி கேட்டால் தலைவருக்குக் கோபம் வருகிறது. என்ன செய்யலாம்?
– ஓர் இயக்குநர், விழுப்புரம் மாவட்டம்

வீட்டுக்கு வரும் நோட்டில் இனிமேல் கையெழுத்துப் போடாதீர்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 378டி (378T) பிரிவைப் படித்தால் கை தானாக நின்றுவிடும். சட்டத்துக்கோ நிறுவன விதிகளுக்கோ முரணான ஒன்றுக்கு வாக்களித்தாலும் சரி, வேறு வழியில் ஒப்புதல் கொடுத்தாலும் சரி, அதனால் வரும் நஷ்டத்தை இயக்குநர்கள் சேர்ந்தும் தனித்தனியாகவும் ஈடுகட்ட வேண்டும். ‘எனக்கு ஒன்றும் தெரியாது, தலைவர் சொன்னார், போட்டேன்’ என்பது அங்கே எடுபடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போர்டு (இயக்குநர் குழு) கூட்டம் நடந்தாக வேண்டும். ஏழு நாள் முன்பே சி.இ.ஓ. (தலைமைச் செயல் அலுவலர்) அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவசரம் என்றால் குறைந்த அவகாசத்திலும் கூட்டலாம், ஆனால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். உங்கள் 12 பேரில் நான்கு பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை.

அறிவிப்பில் ‘பொருள் 3: நிலக்கடலை கொள்முதல்’ என்று ஒற்றை வரி இருந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. கூடவே ஒரு பக்கக் குறிப்பு கேளுங்கள்: எவ்வளவு, என்ன விலைக்கு, யார் பணத்தில், யாருக்கு விற்க, ஈரப்பதம் எவ்வளவு. கடைசிக் கேள்விதான் பலருக்கும் விட்டுப்போகும். 12 சதவீத ஈரத்தில் 20 டன் வாங்கி, 8 சதவீதத்துக்குக் காயவைத்தால் எடை 19,130 கிலோவாகக் குறையும். கிலோ 60 ரூபாய் என்று வைத்தாலே 52,000 ரூபாய் வெயிலில் போயிற்று. இதற்குக் களவு எதுவும் தேவையில்லை, யாரும் கேட்காமல் விட்டாலே போதும்.

தலைவரின் கோபத்துக்கும் வழி உண்டு. கூட்டத்தில் நாலு பேர் முன்னால் திடீரென்று கேட்டால், கணக்கைப் பற்றிய கேள்விகூட ஆளைப் பற்றிய சந்தேகமாகத்தான் காதில் விழும். இரண்டு நாள் முன்பே தலைவருக்கும் சி.இ.ஓ.வுக்கும் கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், பதிலோடு வருவார்கள். கூட்டத்தில் தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டுவதோடு சரி. புதிதாக வந்தவர், பெண் இயக்குநர்கள் என்று அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். பெரிய கொள்முதல் என்றால், ‘இதில் என்ன கெடலாம்’ என்று மட்டும் பேச ஒருவரை நியமியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆள் என்றால் யார் மீதும் ‘எதிர்க்கட்சி’ முத்திரை விழாது. அதற்குப் பிறகும் உடன்பாடில்லை என்றால் பெயர் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். 30 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு எழுதி முடிக்கப்பட வேண்டும். உங்கள் மறுப்பு அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் இயக்குநர் ஒருவரின் மச்சான் உரக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் வாங்கினால் தப்பா?
– ஓர் உறுப்பினர், ஈரோடு மாவட்டம்

வாங்குவதில் தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. ஒவ்வொரு நிதியாண்டின் முதல் போர்டு கூட்டத்திலும் இயக்குநர்கள் தங்கள் தொழில் தொடர்புகளை எம்பிபி-1 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். மச்சான் கடை அந்தப் படிவத்தில் வராது என்று வாதாட இடமிருக்கலாம். வாதம் எதற்கு? தீர்மான நோட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள். அந்தப் பொருள் பேசப்படும்போது அவர் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரட்டும்.

மூன்று விலைப்புள்ளி வாங்கி, அவரல்லாத இருவர் பிரிக்க வேண்டும். மூட்டை விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். வண்டி வாடகை, இறக்குகூலி, எத்தனை நாள் கடன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் ஒரே கையெழுத்தில் இருந்தால்… புரியும்!

இன்னொன்று. இயக்குநருக்கோ அவர் உறவினருக்கோ கடனோ முன்பணமோ கொடுக்க போர்டுக்கு அதிகாரம் கிடையாது. பொதுக்குழுவில் உறுப்பினர்களின் ஒப்புதல் வேண்டும்.

நாலு இயக்குநர்கள் நாலு விதமாகப் போனில் உத்தரவு போடுகிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– சி.இ.ஓ., பெரம்பலூர் மாவட்டம்

போனில் வந்ததை உத்தரவாக எடுக்காதீர்கள். ‘சரிங்கய்யா, அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன்’ என்று சொல்லி, பெயரோடு குறித்துவையுங்கள். நீங்களும் பதவிவழி இயக்குநர்தான், கூலியாள் அல்ல. அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஒன்று கொடுங்கள்: மாதம் 5ஆம் தேதிக்குள் வங்கி இருப்பு, சரக்கு இருப்பு, வர வேண்டிய பாக்கி மூன்றும் ஒரே பக்கத்தில். அது போய்ச் சேர்ந்தால் பாதிப் போன் வராது. காசோலைக்கு இரண்டு கையெழுத்து வைத்திருக்கிறீர்களா? நல்லது, வெற்றுக் காசோலையில் தலைவர் முன்கூட்டியே போட்டுக் கொடுத்தால் மட்டும் வாங்கி வைக்காதீர்கள்.