சிறுநகர நிறுவனங்கள் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தாங்க முடியுமா?

முடியும் என்பதற்கு ஜெர்மனியே வலுவான சான்று. டான்யூப் ஆற்றங்கரையில் அமைந்த டுட்லிங்கன் என்னும் சிறுநகரில் 1867ஆம் ஆண்டு காட்ஃபிரீட் யெட்டர் தொடங்கிய அறுவை சிகிச்சைக் கருவிப் பட்டறை பின்னாளில் ஏஸ்குலாப் நிறுவனமாக வளர்ந்தது. இன்று அந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள், பெரும்பாலும் சிறியவை, உலகெங்கும் உள்ள மருத்துவமனைகளுக்கு அறுவை சிகிச்சைக் கருவிகளைச் செய்து அனுப்புகின்றன.

ஒரே குறுகிய துறையில் ஆழ்ந்த தேர்ச்சியும், அதற்கு உலகம் முழுவதையும் சந்தையாகக் கொள்வதுமே இவற்றின் பலம். 1871 வரை ஜெர்மனி பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்ததால், தொழில்கள் ஒரு தலைநகரில் குவியாமல் நாடெங்கும் பரவின என்பதையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எனினும், என் கருத்தில் முதன்மையான காரணம் தொழிற்பயிற்சி முறைதான். பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளியிலும் மற்ற நாள்களில் நிறுவனத்திலும், உதவித்தொகை பெற்றுக்கொண்டே, பெரும்பாலும் மூன்று முதல் மூன்றரை ஆண்டுகள் பயில்வதால், திறமை ஊரைவிட்டு வெளியேறுவது குறைகிறது. வட்டார எல்லைக்குள் இயங்கும் ஷ்பார்காசே சேமிப்பு வங்கிகள், அந்த ஊர் மக்களின் வைப்புத்தொகையை அந்த ஊர்த் தொழிலுக்கே கடனாகத் தருகின்றன.

ஜெர்மானிய நிறுவனங்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை சிறு, நடுத்தர நிறுவனங்கள். வேலைவாய்ப்பில் பாதிக்கும் மேல் அவற்றைச் சார்ந்தது. குடும்பத்தில் அடுத்த தலைமுறை பொறுப்பேற்க முன்வராததே இப்போது அவற்றில் பலவற்றை வாட்டும் சிக்கல்.