எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை எண்டு சொல்லிட்டாங்கள், தோள் நோ ரெஸ்ட் எடுத்தா தானா மாறுமா?

"எக்ஸ்ரேயில ஒண்டுமில்லை" எண்ட கதையை நம்பி மூண்டு மாசத்தை வீணாக்கின ஆள் நான், அதாலதான் கடைக் கணக்கை மூடி வச்சிட்டு இதை தட்டிக்கொண்டிருக்கிறன். கேள்வி கேட்ட நீங்க வயசு போடேல்ல, ஆனா இரவில அந்தப் பக்கம் சரிஞ்சு படுக்க ஏலாது, சேட் போடேக்க கை மாட்டுப்படுது எண்டு எழுதியிருக்கிறியள், அப்ப 40ஐ தாண்டின ஆளாத்தான் இருப்பியள். சுகர் இருக்கோ எண்டும் சொல்லியிருக்கலாம், அது இதில பெரிய விசயம். முதலே சொல்லிப்போட்டன், நான் டொக்டர் இல்ல, கொழும்பு புறக்கோட்டையில கணக்கெழுதுறவன், கீழ கொமெண்டில வந்து சண்டைக்கு நிக்காதேங்கோ.

எக்ஸ்ரேயில தெரியுறது எலும்பு. தசையை எலும்போட ஒட்டி வச்சிருக்கிற டென்டனும் எலும்பையும் எலும்பையும் சேத்துக் கட்டியிருக்கிற லிகமென்டும் அதில தெரியாது. தோள்மூட்டு எண்டுறது சின்னச் சோசரில வச்ச தோடம்பழம் மாதிரி, குழி ஆழமில்லை, அதாலதான் கையை எல்லாப் பக்கமும் சுத்தலாம், அதாலதான் கெதியா பழுதாகியும் போகும். நாலு தசையின்ட டென்டன் சுத்திவர போர்த்துப் பிடிச்சிருக்கு, அதுக்குத்தான் ரொட்டேட்டர் கஃப் எண்டு பேர். அதில மேல இருக்கிறது சுப்ராஸ்பினேட்டஸ், அதிகமாக் கிழியிறது அதுதான்.

என்டது 2022 ஜூனில கிழிஞ்சது. அப்ப பெற்றோல் இல்லாத காலம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மோட்டார் சைக்கிளை லைன்ல விட்டிட்டு ரெண்டு இரவு ரோட்டில படுத்தும் எனக்கு கிடைக்கேல்ல, எனக்குப் பின்னால வந்த வான்காரன் யாரோ தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு புல் டேங்க் அடிச்சுக்கொண்டு போறான். பிறகு கியூஆர் கோட் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர் எண்டினம், அந்த ஒழுங்கை முதலே செய்திருந்தா இந்தக் கதையே இல்ல. சரி விடுங்கோ.

அதால பஸ். வெள்ளவத்தையில ஏறினன், ஏறினன் எண்டா ஒரு கால் மிதிபலகையில, வலது கை கதவுக் கம்பியில. கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன" எண்டு கத்துறார், முன்னுக்குப் போக எங்க இடம். பம்பலப்பிட்டியில ரைவர் ஒரு பிரேக் அடிச்சார் பாருங்கோ, உடம்பு முழுக்க சுழண்டு போகுது, கை மட்டும் கம்பியிலேயே நிக்குது. பழஞ்சீலை கிழியிற மாதிரி ஒரு சத்தம், அது எனக்குள்ள மட்டும் கேட்டுதோ தெரியாது. கோட்டை வரைக்கும் அப்படியே தொங்கிக்கொண்டுதான் போனன்.

முதல் ஒரு கிழமை சித்தாலேப பூச்சுத் தைலமும் பனடோலும். பிறகு ஒரு முறிவு நெரிவு வைத்தியரிட்ட போக, அவர் எண்ணெய் போட்டு உருவின உருவில எனக்கு கண்ணால தண்ணி. அந்த வைத்தியத்தை குறை சொல்ல வரேல்ல, என்ட அப்பாவின்ட கை முறிவு அப்படித்தான் சரியானது, ஆனா கிழிஞ்ச டென்டனை அமத்தி உருவினா கூடத்தான் செய்யும். பிறகு காசு கட்டி ஒரு டொக்டரை சனல் பண்ணினன், மூண்டு மணித்தியாலம் இருந்து மூண்டு நிமிசம் கதைச்சன், "எலும்புக்கு ஒண்டுமில்லை, ரெஸ்ட் எடுங்கோ" எண்டிட்டார். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஃபாமசியில சிலிங் ஒண்டு வாங்கி கையைக் கட்டித் தொங்கவிட்டிட்டு இருந்தன்.

இங்கதான் பிழையாப் போச்சு. முதல் கிழமைகளில நானா கையை பக்கவாட்டில தூக்கினா நடுவழியில குத்தும், ஆனா மனுசி பிடிச்சுத் தூக்கினா தலைக்கு மேல போகும். மூண்டு மாசத்துக்குப் பிறகு அவ தூக்கினாலும் போகாது, பூட்டுப் போட்டமாதிரி நிக்குது. என்னைப் போல சுகர்காரருக்கு இது லேசா வரும், ஃப்ரோசன் ஷோல்டர் எண்டுறது, தோள்மூட்டு இறுகிப்போறது. கிழிவோட இறுக்கமும் சேந்திட்டுது.

கடைசியா ஆஸ்பத்திரிக்கு போய் ஸ்கேன் எடுத்தது, அல்ட்ராசவுண்ட்தான். டொக்டர் திரையை என்ட பக்கம் திருப்பி கறுப்பா ஒரு கீறலைக் காட்டினவர், சுப்ராஸ்பினேட்டஸில பாதிக் கிழிவு. நான் ஒப்பரேசன் எண்டு பயந்தே போனன், அவர் சிரிச்சிட்டு வயசு போன கனபேருக்கு நோவே இல்லாம இப்படிக் கிழிவு இருக்கு, பாதிக் கிழிவுக்கு முதல்ல பயிற்சிதான் எண்டார். இறுக்கத்துக்கு ஒரு ஸ்டீரொயிட் ஊசி போட்டினம், நோ இறங்கினது, சுகர் 130ல நிண்டது 240க்கு ஏறி நாலு நாள் இறங்கேல்ல. உங்களுக்கு சுகர் எண்டா ஊசிக்கு முதலே சொல்லிப்போடுங்கோ.

பிசியோ பிள்ளை தந்தது மூண்டு பயிற்சி. மேசையில மற்றக் கையை ஊண்டிக் குனிஞ்சு கையை தொங்கவிட்டு ஆட்டுறது, சுவரில விரலால ஏறுறது, கதவுப் பிடியில ரப்பர் பேண்ட் கட்டி முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு வெளிப்பக்கம் இழுக்கிறது. நோ 10க்கு 3, 4 எண்டா பரவாயில்லையாம், அடுத்தநாள் காலமையும் நிண்டா கூடச் செய்துபோட்டம் எண்டு அர்த்தம். குசினிச் சுவரில விரல் எட்டின இடத்துக்கு பென்சிலால கோடு போட்டு திகதி எழுதினன், முதல் மாசம் முழுக்க கோடெல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு, மனுசி சுவர் பழுதாகுது எண்டு பேச்சு. அலுமாரி மேல்தட்டுக்கு கை போக ஒன்பது மாசம் சென்றது.

எல்லாருக்கும் இதேதான் எண்டு எடுக்காதேங்கோ. விழுந்து எழும்பின உடனேயே கையைத் தூக்கவே ஏலாமப் போனா பயிற்சி கியிற்சி எண்டு நிக்காம கெதியா எலும்பு டொக்டரிட்ட போங்கோ, முழுசாக் கிழிஞ்ச டென்டன் நாள் போகப் போக உள்ளுக்கு சுருங்கி, தசையில கொழுப்புப் பிடிச்சு, பிறகு தைக்கிறது கஷ்டம். இளம் பொடியங்களுக்கு மூட்டு விலகினா அது லிகமென்ட் அலுவல், இழுத்துப் போட வெளிக்கிடாதேங்கோ.

எனக்கு இன்னும் பின்பொக்கட்டில இருந்து பேர்ஸ் எடுக்க கை போகுதில்லை. முன்பொக்கட்டுக்கு மாத்திட்டன், புறக்கோட்டை பஸ்ஸில அது நல்லதும்தான்.