அலமாரியில் பசை வற்றிய அழுகண்ணி

கேள்வி: வீனஸ் பூச்சிப்பொறிச் செடி ஒன்றும் இலையில் ஊறும் பசைத்துளியால் பூச்சி பிடிக்கும் அழுகண்ணி வகையான ட்ரோசெரா கேப்பென்சிஸ் ஒன்றும் வாங்கினேன். கறுப்புப் பின்னணியில் பசைத்துளிகள் மின்னும் படங்களைப் பார்த்த ஆசையில், இரண்டையும் புத்தக அலமாரியின் மூலையில் வைத்து, பக்கத்தில் ஒரு மேசை விளக்கு போட்டேன். மூன்றே வாரத்தில் ட்ரோசெராவில் துளிகளே இல்லை. பொறிகளைத் தொட்டாலும் சோம்பலாக மூடுகின்றன. படங்களும் புள்ளி புள்ளியாக வருகின்றன. விற்றவரைக் கேட்டேன். ஒரு பாட்டில் டானிக் கொடுத்துவிட்டு, கண்ணாடி மூடி ஒன்றும் வாங்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: டானிக்கைத் திறக்காதீர்கள். மூடியை வாங்காதீர்கள். செடிகளை இன்றைக்கே அலமாரியிலிருந்து இறக்குங்கள்.

உங்கள் செடிகளுக்கு நோய் எதுவும் இல்லை, வெளிச்சம்தான் போதவில்லை. பூச்சி பிடிக்கிற செடிக்கு வெயில் எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். பூச்சியிலிருந்து அதற்குக் கிடைப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள்தான். வாழ்வதற்கான சக்தியை மற்ற எல்லாச் செடிகளையும்போல அது வெளிச்சத்திலிருந்தே எடுக்கிறது. சொல்லப்போனால் மற்றவற்றைவிட அதற்கு வெளிச்சம் அதிகம் தேவை. பசை சுரப்பதும் பொறியை மூடுவதும் செடிக்குப் பெரிய செலவு. வரவு குறைந்ததும் அது முதலில் நிறுத்துவது இந்தச் செலவைத்தான். மேசை விளக்கு உங்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியலாம், செடிக்கு அது அந்திநேரம்.

ஆகவே இருட்டு படத்துக்கு மட்டும். செடி வெளிச்சமான ஜன்னலில் வாழட்டும். நினைத்தபோது அரைமணி நேரம் இருட்டறைக்குக் கொண்டுவந்து படமெடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுங்கள். நல்ல ஜன்னல் இல்லையென்றால், செடி வளர்ப்புக்கான வெள்ளை எல்இடி விளக்கை ஒரு சாண் உயரத்தில், தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். அலமாரியிலிருந்து எடுத்த கையோடு கடும் வெயிலில் வைத்தால் இலை கருகும், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். பழைய இலைகளில் பசை திரும்புவது சந்தேகம்தான். புது இலை வரும்வரை ஒரு மாதம் பொறுத்திருங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றே அங்கேதான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் ட்ரோசெரா அடெலே, ட்ரோசெரா சிஜாண்ட்ரா, ட்ரோசெரா புரோலிஃபெரா என்று மூன்று உண்டு. வளர்ப்பவர்கள் இவற்றை மூன்று சகோதரிகள் என்பார்கள். பெரிய மரங்களின் நிழலில், ஈரம் சொட்டும் இடத்தில் வளர்பவை. சிஜாண்ட்ராவை நேர் வெயிலில் வைத்தால் தாங்காது. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற ‘நிழல் விரும்பும்’ என்ற வாசகத்தைத்தான் கண்ட கண்ட தொட்டியின் சீட்டிலும் அச்சடித்து ஒட்டுகிறார்கள். உங்களுடையது அடெலேயாக இருக்குமோ என்று பார்க்க, இலையைக் கவனியுங்கள். மொட்டையான காம்பு நீண்டு, அதன் நுனிப்பகுதி மட்டும் பட்டையாக விரிந்து, அதில் தூவிகள், அதாவது பசை சுரக்கும் முடிகள், இருந்தால் கேப்பென்சிஸ். ஈட்டிபோல இலை முழுக்கவே தூவி இருந்தால் அடெலே. அடெலேயாகவே இருந்தாலும் அலமாரி மூலை அதற்கும் ஆகாது. காட்டு நிழல் என்பதும் பகல்வெளிச்சம்தான். நல்ல வெளிச்சம் கிடைத்தால் அதன் இலை செம்மை ஏறிப் படத்துக்கு இன்னும் அழகாகவே இருக்கும்.

அடுத்து டானிக். இந்தச் செடிகள் சத்தே இல்லாத சதுப்பு மண்ணில் வளர்ந்து பழகியவை, வேரில் உரம் பட்டால் செத்துப்போகும். தண்ணீரும் அப்படித்தான்: மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்ஓ நீர் மட்டும். கரைந்த உப்பு 50 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கை, தாண்டக்கூடாது. கண்ணாடி மூடி வெயிலில் அடுப்பாகும், நிழலில் பூஞ்சைக் கூடமாகும். முதலில் நிழல் செடி என்று சொல்லி விற்பார்கள், அது வாடும்போது டானிக், அப்புறம் மூடி, கடைசியில் புதுச்செடி. நீலநிற வீனஸ் விதை, வானவில் வீனஸ் விதை என்று விற்பவர்களும் இதே கூட்டம்தான். அப்படி ஒரு நிறம் அந்தச் செடியில் கிடையாது. பச்சை, மஞ்சள், சிவப்பு, அவ்வளவுதான். இப்படி ஒரு விற்பனைப் பக்கத்தைப் பற்றி நான் நான்கு முறை புகார் எழுதினேன். நான்கு முறையும் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று இயந்திரம்தான் பதில் அனுப்பியது. அதே நீலப் படம் வேறொரு பெயரில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. இனி வாங்கும்போது ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வந்ததா, காட்டில் பிடுங்கியதா என்று கேளுங்கள். வீனஸ் இயற்கையாக வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் மட்டும். வட கரோலினாவில் அதைத் திருடுவதை 2014-இல் கடும் குற்றமாக்கும் அளவுக்குக் களவு நடந்தது.

சரி, படத்துக்கு வருவோம். புள்ளிகள் வரக் காரணம் உங்கள் கேமராவின் ஏழ்மையல்ல. வெளிச்சம் பற்றாதபோது அது ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, ஏற்றிச் சமாளிக்கிறது. நீங்களே ஐஎஸ்ஓவை 100 அல்லது 200-இல் நிறுத்திவிட்டு, ஷட்டரை இரண்டு மூன்று விநாடி திறந்து வையுங்கள். முக்காலி வேண்டும். இரண்டு விநாடி டைமர் வேண்டும், பொத்தானை அழுத்தும் விரலே படத்தை ஆட்டிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். தொட்டியை வைத்ததும் எடுக்காமல், இலை அசைந்து அடங்கும்வரை காத்திருங்கள். வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளை எஃப்8 போதும். இன்னும் சுருக்கினால் எல்லாம் தெளிவாகும் என்பார்கள், இவ்வளவு நெருக்கத்தில் படம் மழுங்கத்தான் செய்யும். கைபேசி என்றால் ஏதாவது ஒரு தாங்கியில் நிறுத்தி, துளியின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, பிரகாசத்தைக் கீழே இழுங்கள்.

துளிகளை மின்ன வைப்பது வெளிச்சத்தின் திசை. செடிக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளிக் கறுப்புத் துணி. ஒரே ஒரு டார்ச், செடிக்குப் பின்புறம் பக்கவாட்டிலிருந்து, லென்ஸில் நேராக விழாதபடி. வெளிச்சம் துளியை ஊடுருவி வரும்போது ஒவ்வொன்றும் தனித்தனி விளக்காகும். முன்னால் இருந்து அடித்தால் வெறும் பச்சை இலைதான் தெரியும். இது கைவந்த பிறகு ஷட்டரை எட்டு விநாடிக்கு நீட்டி, டார்ச்சின் வாயில் மெல்லிய வெள்ளைத்தாள் ஒட்டி, செடியைச் சுற்றி மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு படம் வரும். வளர்ப்பு விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள், சில விளக்குகள் படத்தில் கோடு கோடாக விழும்.

துளி போதவில்லை என்று தண்ணீரோ கிளிசரினோ தெளிக்காதீர்கள். தண்ணீர் பசையைக் கழுவிவிடும், கிளிசரின் பூச்சு செடிக்கு நல்லதல்ல. வீனஸை விரலால் சீண்டி மூடவைத்துப் படமெடுப்பதும் வேண்டாம். உள்ளிருக்கும் முடிகளை 20 விநாடிக்குள் இருமுறை தொட்டால் பொறி மூடும். ஏறக்குறைய பத்தில் ஒரு விநாடியில் முடிந்துபோகிற வேலை அது, உங்கள் இரண்டு விநாடி ஷட்டரில் விழப்போவதில்லை. ஒரு பொறி தன் வாழ்நாளில் சில தடவைதான் மூடித் திறக்கும், அதை வீணாக்குவானேன்? அசைவு வேண்டுமென்றால் கேப்பென்சிஸ்தான் வசதி. அதில் ஒரு சிறு கொசு ஒட்டும் நாளில் அரை நிமிடத்துக்கு ஒரு படம் என்று இரண்டு மணி நேரம் எடுங்கள். தூவிகள் வளைந்து கொசுவின்மேல் கவிவதை வரிசையாகப் பார்க்கலாம்.

டானிக் பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டாம். எழுதியிருக்கும் அளவில் கரைத்து ரோஜாச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.